அஃபிலியேட் வருமானம்: பணம் கட்டி கோர்ஸில் சேரத்தான் வேண்டுமா?

ஊசிநூல் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். முன்பு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். இப்போது வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். தெரிந்த பெண் ஒருவர் "அஃபிலியேட் மார்க்கெட்டிங்" என்று ஒரு ஆன்லைன் வகுப்பில் சேரச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் சில ஆயிரம் கட்டி ஒரு பேக்கேஜ் வாங்க வேண்டுமாம். அதே பேக்கேஜை வேறொருவரை வாங்க வைத்தால் பாதிக்கு மேல் நமக்கே கமிஷனாம். அவருடைய ஸ்டேட்டஸில் தினமும் கணக்கில் பணம் ஏறிய படம்தான்.

யூடியூபில் பார்த்தால் அமேசான் லிங்க் கொடுத்துச் சம்பாதிப்பதற்கும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? நிஜமாகவே மாதம் ஒரு தொகை வருமா? வீட்டுக்காரர் பணம் கட்டாதே என்கிறார். ஆடி, மார்கழி மாதிரி ஆர்டர் குறைகிற மாதங்களில் கையைக் கடிக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கல்லுரல் (கோவை)

பணம் கட்டாதீர்கள் சகோதரி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி.

இரண்டும் ஒரே பெயரில் நடக்கிற வேறு வேறு காரியங்கள். 1996இல் அமேசான் இந்தத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அடிப்படை மாறவே இல்லை. ஒருவருக்கு ஒரு பொருள் ஏற்கெனவே தேவைப்படுகிறது. எதை வாங்குவது என்று தெரியாமல் தேடுகிறார். நீங்கள் விவரம் சொல்லி லிங்க் தருகிறீர்கள். அவர் வாங்கினால் கடைக்காரர் தன் பங்கிலிருந்து உங்களுக்குக் கொஞ்சம் தருகிறார். லிங்க் வழியாக வந்ததற்காக வாங்குகிறவருக்கு விலை கூடாது. சேர நீங்களும் ஒரு பைசா கட்டுவதில்லை.

உங்கள் தோழி சொல்வதில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணம்தான் முன்னால் சேர்ந்தவருக்குப் போகிறது. அவர் போட்டதை எடுக்க இன்னொருவரைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது தங்கையாகவோ பக்கத்து வீட்டுப் பெண்ணாகவோ கூடப் படித்த தோழியாகவோதான் இருக்கும். எந்தத் திட்டம் வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மற்றவருக்கு விற்றுக் கமிஷன் வாங்கும் உரிமையை எடுத்துவிட்டால், அந்த வகுப்பை அதே விலைக்கு யாராவது வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள் என்றால் அங்கே விற்கப்படுவது வகுப்பு அல்ல. ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978லேயே மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்கள் கூடாது என்கின்றன.

வருமானம் வருமா என்றால், வரும். நான் சமையலறைச் சாமான்களுக்குத் தமிழில் விமர்சனம் போடுகிறேன், எங்கள் வீட்டுச் செலவில் ஒரு பகுதி அதில்தான் ஓடுகிறது. ஆனால் கணக்கு தெரிந்து இறங்க வேண்டும். 5,000 ரூபாய் கிரைண்டர், கமிஷன் 4 சதவீதம் என்று சும்மா வைத்துக்கொள்வோம். ஒன்று விற்றால் 200 ரூபாய். மாதம் 10,000 வேண்டுமென்றால் 50 பேர் வாங்க வேண்டும். லிங்க்கைத் தொடுகிற நூறு பேரில் நாலு பேர் வாங்கினால் 1,250 பேர் தொட வேண்டும். பார்க்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் தொட்டால் 6,250 பேர் பார்க்க வேண்டும். அதிலும் சும்மா பொழுதுபோக்காகப் பார்ப்பவர் கணக்கில் வர மாட்டார், கிரைண்டர் வாங்கப் போகிறவராக இருக்க வேண்டும். அப்புறம் ரிட்டர்ன் ஆனது, கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்பியது எல்லாம் கழியும். கழிந்து மிச்சம் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

சலுகைச்சந்தை (சென்னை)

கோர்ஸ் விஷயத்தில் கல்லுரல் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் விமர்சனம் எழுதித்தான் சம்பாதிக்க வேண்டும் என்று இல்லை. நான் நடத்துவது விலை குறைந்த பொருட்களின் லிங்க்கைப் போடும் டெலிகிராம் டீல் சேனல். அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல், ஃப்ளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸ் நடக்கும் நாட்களில் தூக்கமே கிடையாது. விலை விழுந்த நிமிடத்தில் லிங்க் போக வேண்டும். கால் மணி நேரம் தாமதித்தால் ஸ்டாக் முடிந்திருக்கும்.

இதில் ஒரு சாதகம் உண்டு. அமேசானில் உங்கள் லிங்க் வழியாக உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் வேறு எதை வாங்கினாலும், தகுதியுள்ள பொருள் என்றால் கமிஷன் உண்டு. ஹெட்போன் பார்க்கப் போனவர் கூடவே குக்கர், டயப்பர், செருப்பு என்று கூடையை நிரப்பி வருவார். அந்த 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்ட பொருளைப் பிறகு வாங்கினாலும் 90 நாள் வரை கணக்கில் சேரும்.

விலை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பழைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் போடுவேன். எம்.ஆர்.பி.யை அடித்துவிட்டு "80 சதவீதம் தள்ளுபடி" என்று காட்டுவதை அப்படியே பகிர்ந்தால், இரண்டாவது முறை ஆள் வர மாட்டார்.

ஊசிநூல்

அண்ணா, எனக்கு அவ்வளவு வேகம் வராது. இரவில் ஆர்டர் முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. மெதுவாகச் செய்கிற வழிதான் எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது.

மாடித்தோட்டம் (மதுரை)

மெதுவான வழியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுக்க முழுக்கத் தேடுபொறியை நம்பித் தளம் நடத்தும் காலம் போய்விட்டது. கூகுளின் 2023 செப்டம்பர் மாற்றத்திலும் 2024 மார்ச் மாற்றத்திலும் உலகம் முழுக்கச் சிறிய விமர்சனத் தளங்கள் பல காணாமல் போயின. 2024இல் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் தேடல் பக்கத்தின் உச்சிக்கு வந்துவிட்டது. பதிலை அங்கேயே படித்துவிட்டு, உங்கள் பக்கத்துக்கு வராமலேயே போய்விடுகிறார்கள்.

அதனால் நான் செடி, தொட்டி, தேங்காய் நார், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வீடியோவைத்தான் முதலில் வைக்கிறேன். தளம் இரண்டாவது. குரோ பேக் ஒரு வெயில் காலம் தாங்குமா என்பதற்கு மதுரை மொட்டை மாடியில் மே மாதம் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதை எந்தச் சுருக்கமும் எழுதித் தர முடியாது. யூடியூபிலும் 2024 அக்டோபரிலிருந்து இந்தியாவில் ஃப்ளிப்கார்ட், மிந்த்ரா பொருட்களை வீடியோவிலேயே டேக் செய்து கமிஷன் பெறும் வசதி வந்திருக்கிறது.

நடுநிலை

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. விற்றால்தான் காசு என்கிறபோது ஒருவர் எப்படி நேர்மையாக விமர்சிப்பார்? "டாப் 10 மிக்ஸி" என்று தேடிப் பாருங்கள். பத்தும் நல்ல மிக்ஸி, பத்துக்கும் லிங்க். ஒன்றையாவது தொட்டுப் பார்த்திருப்பார்களா? பெட்டியில் எழுதியிருப்பதைத் திருப்பி எழுதுவதற்குப் பெயர் விமர்சனமா?

கல்லுரல்

நல்ல கேள்வி. அந்த "டாப் 10" பக்கங்கள் மீது உங்களுக்கு இருக்கிற கோபம் எனக்கும் இருக்கிறது. அவற்றால்தான் தமிழில் உழைத்து எழுதுகிறவர்களையும் யாரும் நம்புவதில்லை. ஆனால் கமிஷன் வாங்கினாலே பொய் சொல்லத்தான் வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். வயர்கட்டர் என்று ஒரு அமெரிக்கத் தளம், 2011இல் தொடங்கியது. ஒவ்வொரு பொருளையும் வாங்கிச் சோதித்து, இதை வாங்கினால் போதும் என்று ஒன்றிரண்டை மட்டும் சொன்னார்கள். வருமானம் அஃபிலியேட் கமிஷன்தான். 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சோதித்துப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று வாசகர்கள் நம்பியதால்தான் அந்த விலை.

நான் செய்வதைச் சொல்கிறேன். டேபிள் டாப் கிரைண்டர் வந்தால் முதல் நாள் வீணான அரிசியைப் போட்டு ஓட்டுவேன். புதுக் கல்லிலிருந்து கறுப்புத் துகள் வரும், எத்தனை ஈடு வரைக்கும் வருகிறது என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் ஒரே கடையில் வாங்கிய முழு உளுந்து, ஒரே நேரம் ஊறியது, ஒரே அளவு தண்ணீர். அரைத்து எடுத்ததும் மாவில் விரல் வைத்தால் சூடு தெரிகிறதா, பொங்கி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். மாலையில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் ஒரு தடவை ஓட்டுவேன், சில மோட்டார்கள் அப்போது திணறும். விடிகாலையில் ஒரு தடவை ஓட்டுவேன். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் முக்கியம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கேட்பது வேறு ஒன்று. பாத்திரத்தை மாவோடு தூக்க முடியுமா? கல்லை எடுத்துக் கழுவுவது வயதானவர்களுக்கு முடிகிற காரியமா? என் அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. அவர் இரண்டு லிட்டர் மாடலைத் தூக்க முயன்று பாதியில் வைத்துவிட்டதை வெட்டாமல் அப்படியே வீடியோவில் விட்டேன். சாய்த்து ஊற்றும் மாடலைத் தேடி இன்றும் அதற்குக் கீழேதான் வந்து கேட்கிறார்கள். பெட்டியில் வாட்ஸ் எழுதியிருக்கும், லிட்டர் எழுதியிருக்கும். அறுபது வயது அம்மா தூக்க முடியுமா என்று எழுதியிருக்காது.

வீட்டில் இரண்டே பேர், வாரம் ஒரு முறைதான் இட்லி என்றால் கிரைண்டர் வேண்டாம், மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். கோவையில் இருப்பவர்களை நேரே கடைக்குப் போகச் சொல்வேன். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது. பெல்ட் போனால் தெருமுனையில் மாற்றிவிடலாம். அந்த இரண்டு பேச்சுக்கும் எனக்குக் கமிஷன் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள்தான் மிக்ஸி வாங்கும்போதும் அடுப்பு வாங்கும்போதும் திரும்பி வருகிறார்கள்.

நடுநிலை

இப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கிரைண்டர் வீடியோவை அனுப்புங்கள், எங்கள் அத்தைக்கு வேண்டும்.

குறுக்குவழி

மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்கு வழி இல்லையா? கிரெடிட் கார்டு, பங்கு வாங்குவதற்கான டிமேட் கணக்கு லிங்க்குகளுக்கு ஒரு ஆளுக்கே நூற்றுக்கணக்கில் தருகிறார்களே. அப்புறம், வாங்குகிறவர் யாருடைய லிங்க்கில் வந்தார் என்று பிரவுசரில் பதியும் குறிப்பு, அதாவது குக்கீ, லிங்க்கைத் தொடாமல் பக்கத்தைத் திறந்தாலே பதிகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறதாம்.

மாடித்தோட்டம்

அந்த ஸ்கிரிப்ட் பக்கமே போகாதீர்கள் தம்பி. அதற்குக் குக்கீ ஸ்டஃபிங் என்று பெயர். ஈபே என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தின் முதல் இரண்டு இடங்களில் இருந்த அஃபிலியேட்கள் ஷான் ஹோகன், பிரையன் டன்னிங் இருவரும் அதைத்தான் செய்தார்கள். ஹோகனுக்கு மட்டும் ஈபே கொடுத்த கமிஷன் சுமார் 2.8 கோடி டாலர். எஃப்.பி.ஐ. விசாரித்தது. 2014இல் ஹோகனுக்கு 5 மாதம், டன்னிங்குக்கு 15 மாதம் சிறைத் தண்டனை விழுந்தது. யாரோ ஒருவர் உழைத்து அனுப்பிய வாடிக்கையாளரின் கமிஷனை இன்னொருவர் தட்டிப் பறிப்பதுதான் இது. 2024 டிசம்பரில் ஹனி என்ற கூப்பன் எக்ஸ்டென்ஷன் மீதும், மற்றவர்களின் கமிஷனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்து யூடியூபர்கள் வழக்குப் போட்டார்கள்.

பங்குச்சந்தை லிங்க் விஷயத்தில், அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024இல் விதிகளை இறுக்கியிருக்கிறது. பதிவு இல்லாமல் முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்களோடு தரகு நிறுவனங்கள் தொடர்பு வைக்கக் கூடாது. கிரெடிட் கார்டோ, அதை வாங்கிய பெண் வட்டியில் மாட்டினால் உங்களைத்தான் நினைப்பார். தெரிந்த பொருளில் இருப்பது நல்லது.

கணக்கர் (ஈரோடு)

வரி பற்றி யாரும் பேசவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கமிஷன் பணத்தில் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதம் 2 ஆகக் குறைந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரே நிறுவனத்திடம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும், அதனால் முதல் வேலையாக அதைச் சேர்த்துவிடுங்கள். பிடித்தது அதிகமென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வரித் திட்டத்தில் கமிஷன் வருமானத்தைக் காட்ட முடியாது, நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வாங்கிய பொருள், இணையக் கட்டணம், கேமரா எல்லாவற்றுக்கும் பில் வைத்துச் செலவாகக் காட்டுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கமிஷன் வந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. லிங்க்கில் கமிஷன் வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லுரல்

"இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது" என்று நான் வீடியோ தொடக்கத்திலேயே சொல்கிறேன். அதனால் யாரும் போய்விடவில்லை. மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

ஊசிநூல் சகோதரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் உங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி என்ன? தையல் கூலியை விடுங்கள், பொருள் பற்றி.

ஊசிநூல்

அது தினமும் நடக்கிறது அண்ணா. "அக்கா, வீட்டில் பிளவுஸ் தைத்துப் பழக எந்த மெஷின் வாங்கலாம்?" என்பார்கள். கடையில் அழகாக இருக்கிறது என்று ஆட்டோமேட்டிக் மெஷினை வாங்கிவிடுகிறார்கள். அதில் நூறு டிசைன் இருக்கும். ஆனால் லைனிங் போட்ட பிளவுஸில் கைக்குழி சேரும் இடத்தில் துணி, லைனிங், கை, பைப்பிங் எல்லாம் ஒன்றாக வரும். அங்கே போனதும் சில மெஷின் தையல் விடும், ஊசி முறியும். அழுதுகொண்டே என்னிடம் கொண்டு வருவார்கள்.

பாதிக் கோளாறு மெஷினில் இருக்காது, ஊசியில்தான். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருண்டை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாலும் தெரியாமல் மாட்டுவார்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரண பிளவுஸுக்கு 14, கனமான இடத்துக்கு 16 என்று மாற்ற வேண்டும் என்பதும் தெரியாது.

தொழிலாகத் தைக்க நினைக்கிறவர்கள் செகண்ட்ஹேண்ட் பவர் மெஷின் வாங்குவார்கள். அதில் கிளட்ச் மோட்டார் இருந்தால் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் எகிறும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். சத்தமும் குறைவு. இதையெல்லாம் யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

மாடித்தோட்டம்

இதை எழுதியவர் சில ஆயிரம் கட்டி வகுப்பில் சேர யோசித்தாரா? நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டியவர்!

சலுகைச்சந்தை

நான்கூட இதைக் கேட்டுத்தான் மெஷின் வாங்குவேன். ஊசி, பாபின், நாடா, கத்தரி, அயர்ன் பாக்ஸ் என்று திரும்பத் திரும்ப வாங்குகிற சாமான் நிறைய இருப்பது இன்னொரு நல்ல விஷயம். மெஷின் ஒரு முறைதான். மற்றவை வருஷம் முழுக்க.

கல்லுரல்

அப்படியென்றால் வெளியே தேட வேண்டாம். முதல் வீடியோ மெஷின் விமர்சனமாகக்கூட இருக்க வேண்டாம். அந்த இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். பிறகு அந்தக் கைக்குழி இடத்தை ஒரே துணியில் இரண்டு மெஷினில் தைத்து, தையல் விட்டதை அப்படியே காட்டுங்கள். புதிதாக மெஷின் வாங்கச் செலவு செய்யாதீர்கள். வாடிக்கையாளர் பழுதுக்குக் கொண்டு வரும் மெஷினை அவர் அனுமதியோடு படம் எடுத்தால் போதும்.

சில நடைமுறை விஷயங்கள். அமேசானில் கணக்கு திறந்தால் 180 நாளுக்குள் 3 தகுதியான விற்பனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். எனவே நாலைந்து வீடியோ போட்டு ஆள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவது சேராது, அது விதிமீறல். வருமானத்தை ஒரே கடையில் கட்டிப் போடாதீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் மரச்சாமான் கமிஷனை 8இலிருந்து 3 சதவீதமாகவும், மளிகையை 5இலிருந்து 1 ஆகவும் ஒரே அறிவிப்பில் குறைத்தது. பாகங்களுக்கு உள்ளூர்த் தையல் சாமான் கடையோடு பேசி, உங்கள் பெயர் சொல்லி வருகிறவர்களுக்குத் தனிக் கணக்கு வைக்கச் சொல்லலாம். திருப்பூரில் அதற்கா பஞ்சம்?

ஊசிநூல்

நன்றி அண்ணா. தோழியிடம் இன்று பேசிவிட்டேன், சேரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கட்டிய பணத்தை எடுக்க வழி உண்டா என்று இப்போது அவரே கேட்கிறார்.

கணக்கர்

பணம் கட்டிய ரசீது, சேரச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகள், வருமானம் நிச்சயம் என்று சொன்ன ஆடியோ எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏமாற்றிப் பணம் வாங்கியது என்றால் சைபர் குற்றப் பிரிவின் 1930. தாமதிக்காமல் செய்ய வேண்டும்.

ஊசிநூல்

சொல்கிறேன் சார். இன்னொரு சந்தேகம். வீடியோவில் விலை சொல்லலாமா?

கல்லுரல்

அமேசான் விலையை உங்கள் பக்கத்தில் எழுதி வைக்காதீர்கள். அது மணிக்கு மணி மாறும், அவர்கள் விதியும் அனுமதிக்காது. "இன்றைய விலையை லிங்க்கில் பாருங்கள்" என்றால் போதும்.

நடுநிலை

ஊசிநூல் அவர்களே, என் மனைவி சேலைக்கு ஃபால்ஸ், பீகோ அடித்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறாள். அதற்குத் தனி மெஷின் வேண்டுமா? வீட்டு மெஷின் போதுமா?

ஊசிநூல்

ஃபால்ஸ் மட்டும் என்றால் சாதா தையல் மெஷினே போதும், கையாலும் தைக்கலாம். பீகோவுக்கு ஜிக்ஜாக் அடிக்கிற வீட்டு மெஷின் இருந்தால், ஓரத்தைச் சுருட்டும் ஃபுட் தனியாக வாங்கி மாட்டிப் பழகலாம். தினமும் நாலைந்து சேலை வரத் தொடங்கிவிட்டால் தனி பீகோ மெஷின் பார்க்கலாம், அதற்கு முன் வேண்டாம். அவரிடம் இப்போது என்ன மெஷின் இருக்கிறது, ஷிஃபான் சேலை அதிகம் வருமா காட்டன் அதிகம் வருமா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஷிஃபான் என்றால் ஊசியும் நூலும் வேறு.